பட்டுச்சேலைக்குள் ஒளித்த சீர்

என் மகளின் சடங்குக்கு என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்து இறக்கிய சீர் இருபத்தொரு தட்டு. பட்டு, வளையல், பழம், பலகாரம் எல்லாம் போக, கடைசித் தட்டில் வெற்றிலை பாக்குக்கு மேலே ஒரு வீடியோ கேம் உட்கார்ந்திருந்தது. கையில் பிடித்து விளையாடுவது. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். மைக்கில் சீர் வாசித்தவர் அதை என்னவென்று சொல்வது என்று தெரியாமல், "தாய்மாமன் வீட்டு டிவி ஒன்னு" என்றார். மண்டபமே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஓரகத்தி மகளுக்குச் சடங்கு. ஓரகத்தி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. காரைக்குடியில் ஒரே வீட்டில் கீழே அவர்கள், மாடியில் நாங்கள். அவளுடைய அண்ணன் துபாயில் இருக்கிறார். அவர் இருபத்தைந்து தட்டு வைத்தார். அதிலும் ஒரு கேம். கன்னங்கரேலென்று, அகலமாக, வேண்டுமென்றே வேறு கம்பெனி. ஓரகத்தி அதை என் கையில் கொடுத்து, "தூக்கிப் பாருங்கக்கா, என்னா கனம்! உங்க அண்ணன் வாங்கியாந்தது லேசா பொம்ம மாதிரில்ல இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்குத் தொடங்கியது வினை. மாடிப்படியில் இரண்டு பிள்ளைகளும் அக்கம்பக்கமாக உட்கார்ந்து விளையாடுவார்கள். அந்தக் கறுப்பில் விளையாட்டுகள் அதிகம், படமும் தெளிவு. ஆனால் கொதிக்கும், உள்ளே விசிறி ஓடுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும், ஒன்றரை மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். எங்களுடையதில் சார்ஜ் அசையாமல் நிற்கும். "என்னடி, உங்க மாமா வாங்குனது தூங்கிருச்சா?" என்று படியிலிருந்தே சத்தமாகக் கேட்பேன், கீழே காதில் விழட்டுமென்று. பிள்ளைகள் கொஞ்ச நாளில் கேமை மாற்றி மாற்றி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும்தான் விடவில்லை.

சார்ஜ் நிற்பது ஒன்றுதான் எனக்கிருந்த ஒரே வெற்றி. அது கைவிட்டுப் போகக் கூடாது என்று கேமை எப்போதும் சார்ஜிலேயே போட்டு வைத்தேன். பிரிட்ஜ் மேல், காலையிலிருந்து மறுநாள் காலை வரை. மாடியின் வெக்கை வேறு. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் கேட்கிற ஆளில்லை.

மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிய நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜைத் துடைக்கும்போது பார்த்தேன். கேமின் முதுகு புடைத்திருந்தது. மூடி ஒரு ஓரத்தில் வாய் பிளந்திருந்தது. நல்ல மனுஷியாக இருந்தால் முதலில் என்ன தோன்றியிருக்க வேண்டும்? இதனால் ஏதும் ஆபத்தா என்று. எனக்குத் தோன்றியது, கீழே இருப்பவளுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்பதுதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பக்கத்துக் கடையே செல்போன் சர்வீஸ்தான். ஆனால் அந்தத் தம்பி ஓரகத்திக்குச் சித்தி மகன். அவனிடம் காட்டுவதும் மண்டபத்தில் மைக் போட்டுச் சொல்வதும் ஒன்று. ஆகவே கேமை என் கல்யாணப் பட்டில் சுருட்டி, பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். உப்பல் அமுங்கட்டும் என்று மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தேன். பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பரீட்சை முடியும்வரை கேம் கிடையாது என்று வீட்டில் அறிவித்தேன். அப்படியே அவளுடைய போனையும் வாங்கிக்கொண்டேன். புதுவயல் அரிசி ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்கூட, "இப்பத்தான் உருப்படியா ஒன்னு பண்ணிருக்க" என்று பாராட்டினார். மகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பத்து நாள் போயிருக்கும். மதியம் மூன்று மணிக்கு ஒருவர் பக்கத்துக் கடைக்கு போனைக் கொண்டுவந்தார். அந்தத் தம்பி துள்ளி எழுந்து, "அண்ணே, இத ஏன் உள்ள கொண்டு வாரீக? மொதல்ல வெளிய போங்க!" என்று கத்தினான். ஓடிப்போய் அதை வாங்கி, வாசலில் மணல் நிரப்பி வைத்திருந்த பெயிண்ட் டப்பாவுக்குள் இறக்கினான். போனின் முதுகு புடைத்திருந்தது. மூடி ஓரத்தில் வாய் பிளந்திருந்தது.

"என்ன தம்பி, இந்தப் பாடு படுத்துற?" என்று கேட்டேன்.

"பேட்டரி உப்பிருச்சுக்கா. குத்துப்பட்டாலோ அமுங்குனாலோ குபீர்னு பத்திக்கும். பூட்டுன ரூமுன்னா அந்தப் புகையே ஆளச் சாச்சுப்புடும்."

"அமுங்குனாலுமா?"

"ஆமாக்கா. சில கூமுட்டைக அமுக்கி நேராக்கப் பாக்குதுக." என் முகத்தைப் பார்த்தான். "ஏங்க்கா, வீட்டுல எதுவும் இருக்கா?"

"இல்லப்பா, சும்மா கேட்டேன்" என்றேன்.

சொல்லிவிட்டுக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். பரீட்சை விடுமுறை, மகள் அந்த அறையில்தான் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிறாள். அவள் கட்டிலின் தலைமாடு பீரோவை ஒட்டி இருக்கும். அவள் போன் என் கைப்பையில். பீரோ சாவியும் என் கைப்பையில். அவளை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் ஒரே வழி, ஓரகத்திக்கு போன் செய்வது. அவள் எண்ணை எடுத்தேன். விரல் அதன் மேலேயே நின்றது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ஐயோ, அந்த நேரத்தில் இதை யோசித்தேனே, நான் ஒரு தாயா? போனைப் பைக்குள் போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. பஸ் அப்படியே நின்றது. பட்டு எப்படி எரியும், அந்த அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், அவளுக்கு அந்த இறுகிய தாழ்ப்பாளை அவசரத்தில் எடுக்க வருமா என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓடியது. கடைசியில் போன் போட்டேன். போட்டும் உண்மையைச் சொன்னேனா? இல்லை.

"பிள்ளையக் கீழ கூப்புட்டு எதாச்சும் சாப்பிடக் குடேன்" என்றேன்.

"மதியம் கூப்பிட்டேன்க்கா. கதவத் தொறக்கல. இப்பவும் பலகாரம் எடுத்துக்கிட்டுப் போய்த் தட்டுனேன், சத்தமே இல்ல. படிச்ச அசதியில தூங்குது போல. நல்லாத் தட்டி எழுப்பவாக்கா?"

கதவைத் திறக்கவில்லை. சத்தமே இல்லை. 'கதவை உடைடி' என்று தொண்டை வரைக்கும் வந்தது.

"வேணாம், சரி விடு" என்றேன்.

கேட்டிலேயே இறங்கி, அடைத்திருந்த கம்பிக்குக் கீழே குனிந்து, அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவில் ஏறினேன். வீட்டு வாசலில் இறங்கியதும் செருப்பைக் கழற்றாமல் மாடி ஏறினேன். ஓரகத்தி, "என்னக்கா, என்னாச்சு?" என்று பின்னாலேயே ஓடிவந்தாள். கதவைத் தட்டினேன். உள்ளங்கை வீங்கும்படி அடித்தேன். மகள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அது என் குரல் மாதிரியே இல்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. தாழ்ப்பாள் நகர்ந்தது.

முழு உசுரோடு நின்றாள். கட்டிப்பிடிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கட்டில் பீரோவை விட்டு எதிர்ச் சுவருக்கு நகர்ந்திருந்தது. சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பீரோ பக்கத்தில் ஒரு வாளி மணல். அறை முழுக்க நகச்சாயம் மாதிரி ஒரு வாடை. இருட்டிய பிறகே வீடு திரும்புகிற நான், தாழ்ப்பாள் போட்டுப் படிக்கிறாள் என்று பத்து நாளாக அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவிடுக்கில் வாடை வந்தபோதெல்லாம் பீரோவில் போட்ட பாச்சா உருண்டை என்று நினைத்திருந்தேன்.

"உனக்குத் தெரியுமாடி?"

"நீ அத அமுக்குனத அன்னைக்கே பாத்தேன். நாலு நாளாத்தான்மா வாடை வருது. பயமாத்தான் இருந்துச்சு."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா அப்பாவுக்கு, சித்திக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுருமே. மாமாவுக்கு அசிங்கமில்ல? சித்தி உள்ள வந்தா மோப்பம் புடிச்சுருவாகன்னுதான் தாழ்ப்பாப் போட்டுக்கிட்டேன். நீதானம்மா கீழ எதையும் சொல்லக் கூடாதும்ப."

பின்னால் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது.

மகளைப் படிக்கட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தேன். சாவி மூன்று தடவை கீழே விழுந்தது. இஸ்திரிப் பெட்டியை மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினேன். பட்டோடு சேர்த்து இரண்டு கையிலும் ஏந்தி மொட்டை மாடிக்கு நடந்தேன். பன்னிரண்டு காலடி இருக்கும். சேலை வழியாகச் சூடு தெரிந்தது. ஓரகத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடி மணலைத் தரையில் கொட்டினாள். பட்டை விலக்கி மணலில் இறக்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் தள்ளி வந்தோம். அது எரியவில்லை. வெறுமனே கிடந்தது, சிவப்பும் நீலமுமாக.

பொம்மை என்று சொல்வாள், துபாயைப் பற்றிச் சொல்வாள், வாய் வலிக்கும்வரை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் அந்தக் கேமைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் கதவுக்கிட்டதானக்கா நின்னேன்" என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா உடைச்சிருப்பேன். பிள்ளைய உள்ள வச்சுக்கிட்டு, என்கிட்ட சரி விடுன்னு சொன்னீகளே."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த என் மகளின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனாள். தேர்வு முடியும்வரை பிள்ளை அங்கேதான் படித்தாள், அங்கேதான் தூங்கினாள். மேலே வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.