இருமுறை திருப்பிய முள்

மெல்பர்ன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன். கோடை முடிந்து, ஊர் முழுக்கக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்த ஞாயிற்றுக்கிழமை. நோயாளிகளைப் பார்க்க ஞாயிறும் புதனும் இரண்டு முதல் மூன்றுவரைதான் அனுமதி. என் கைக்கடிகாரத்தில் இரண்டு ஐந்து. ஆஸ்பத்திரிச் சுவரில் மூன்று ஐந்து.

"அண்ணை, வீட்டு மணிக்கூட்டை நான் ராத்திரியே திருப்பி வைச்சிட்டன். நீங்களும் தொட்டனீங்களோ?" என்கிறாள் என் நண்பன் நடேசனின் மனைவி பரமேஸ்வரி.

தொட்டேன். விருந்தாளி சும்மா இருக்கக்கூடாதென்று விடிகாலையில் நாற்காலிமேல் ஏறி இன்னொரு மணி நேரம் தள்ளினேன். கைக்கடிகாரத்தையும் அதைப் பார்த்தே வைத்தேன்.

"வியாழக்கிழமை வந்தனீங்கள், ஒரு கோப்பை கழுவேல்லை. இதை மட்டும் ஏன் அண்ணை செய்தனீங்கள்?"

இன்று மாலை எனக்குச் சென்னைக்கு விமானம். நடேசன் இந்த மாதத்தைத் தாண்டமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நர்ஸ் வெளியே வருகிறாள். "ஊசி போட்டால் தூங்கிவிடுவேன், நண்பரோடு பேச வேண்டும் என்று மூன்று மணிவரை வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் போட்டேன். ஏன் இவ்வளவு தாமதம்?"

உதவி செய்துகொண்டிருந்தேன் என்கிறேன்.