நனைந்த கயிறு அளந்த நிலம்

செவெரோ அரெயானெஸ் மெக்சிகோவின் ஆட்சியில் இருந்த கலிபோர்னியாவின் கடலோரக் குன்றுகளில் மாடு மேய்த்தவர். பச்சைத்தோலை வாராக அறுத்துக் கயிறு திரிப்பதில் கைதேர்ந்தவர். அவருடைய முதலாளி தோன் அன்செல்மோவுக்கு மெக்சிகோ ஆளுநர் நிலம் வழங்கியபோது, அதை அளக்கவும் அவர் திரித்த கயிறே வந்தது.

நிலத்தை அளந்து ஒப்படைக்க வந்த நடுவர், வழக்கப்படி முந்தின மாலையே கயிற்றைக் கோலால் அளந்து சரிபார்த்தார். அதைக் கூரைக்குள் எடுத்துவைக்கச் செவெரோ மறந்தார். விடியலில் அது கடற்பனியில் ஊறிக் கிடந்தது. தூக்கியவுடனே கை அறிந்தது: கயிறு நீண்டிருந்தது.

"முதலாளி, நனைஞ்சிருக்கு. வெயில் ஏறட்டுமே."

"ஏன்டா, கயித்துக்குச் சளி பிடிச்சிருமா?" தோன் அன்செல்மோ சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். "உன் பொண்டாட்டிக்கு நிறைமாசம். குடிசை என் நிலத்துலதான இருக்கு?"

செவெரோவும் மற்றொருவனும் கயிற்றின் இரு முனைகளையும் பற்றிக் குதிரைகளைச் செலுத்தினர். இத்தனை கயிறு என்று ஆணையில் கண்ட கணக்கு நிறைந்தபோது, ஊற்றும் அதனருகே இருந்த திபூர்சியாவின் அவரைக்காடும் எல்லைக்குள் அடங்கிவிட்டன. உலர்ந்த கயிறாயின் அளவு ஊற்றுக்கு இப்பாலேயே நின்றிருக்கும். திபூர்சியா கணவனை இழந்த பழங்குடிப் பெண். பாதிரிமாரின் மிஷன் கலைந்தபோது அவளுக்குக் கிடைத்த ஒரே துண்டு நிலம் அது. செவெரோவின் மூத்த மகளுக்கு அவளே ஞானத்தாய்.

"இது எப்படிங்க இங்க வரும்? அந்தப் பாறையோட நிக்கும்னாங்களே!" என்று அவள் பதறினாள்.

நடுவர் சிலுவையை நீட்டினார். "செவெரோ, சத்தியமாச் சொல்லு. கயிறு சரிதானா?"

செவெரோ வாய் திறக்குமுன் திபூர்சியாவே சொன்னாள்: "அண்ணன் சரின்னாச் சரிதாங்க. என் ஞானமகளோட அப்பன். சிலுவையத் தொட்டுப் பொய் சொல்ல மாட்டாரு."

"சரிதாங்கய்யா," என்றார் செவெரோ.

உரிமை ஏற்கும் சடங்காகத் தோன் அன்செல்மோ புல்லைப் பிடுங்கினார், நாற்றிசையும் கல் எறிந்தார், நிலம் அவருடையதாயிற்று. எல்லைக்கல் நட்டவை செவெரோவின் கைகள். திபூர்சியா சுரைக்குடுக்கையில் நீர் மொண்டு வந்தாள்.

"குடிங்கண்ணே, வேர்த்துக் கொட்டுது. நாளைக்கு யார் தண்ணியோ, இன்னைக்கு என் தண்ணி."

அவர் குடித்தார்.

திபூர்சியா ஊருக்குள் போய்த் துணி வெளுத்துப் பிழைத்தாள். தவக்காலந்தோறும் செவெரோ பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். இப்பாவம் மட்டும் நாவின் நுனிவரை வந்து மீண்டது. ஞானமகளைக் காண அவள் வரும் நாட்களில் அவருக்கு எங்கேனும் ஒரு மாடு தொலைந்துபோகும். ஓர் ஆண்டு அவள் அவர் திரும்பும்வரை காத்திருந்தாள்.

"அண்ணே, ஊத்துல இன்னும் தண்ணி இருக்கா?"

"இருக்கு, தாயி."

"நல்லது. மாடாவது குடிக்கட்டும்."

அன்றும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. அவளைத் தம் குதிரையில் ஏற்றி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஊர்வரை நடந்தே சென்றார்.