சர்வரில் கரையேறாத படகுகள்

பாம்பன் பாலத்தின் மேல் மண்டபத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ் ஒன்று வேகம் குறைத்தது. ஏறவில்லை. நடக்க வேண்டும் போலிருந்தது.

பாம்பனில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருப்பவர் ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டு வருகிறேன். மீனவர்களுக்காக அவர் ஒரு வெப்சைட்டும் நடத்தினார். படகிலுள்ள போன், சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் தான் இருக்குமிடத்தை அனுப்பும். வீட்டிலிருப்பவர்கள் அதைப் பச்சைப் புள்ளியாகப் பார்ப்பார்கள். வாடைக்காற்று தொடங்கியதிலிருந்து சர்வரின் மெமரி நிரம்பி நிரம்பி, படகுகள் திரும்பும் நேரத்தில் சர்வரே நின்றுவிடும். பெண்கள் கடை வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

“என்ன மாமா, ஒங்க பொட்டிக்கும் வாடை ஒத்துக்கலயா?” என்று ஒருத்தி கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இந்த வேலையைக் கற்றேன். எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. சாப்பாடும் படுக்க இடமும் தருவதாகக் கடைக்காரர் சொன்னார், வந்துவிட்டேன்.

சர்வரின் மெமரியைக் காலையில் ஒரு தடவையும் உச்சிவேளையில் ஒரு தடவையும் அப்படியே பிரதி எடுத்து ஒப்பிட்டேன். பெருகியிருந்தவை படகுகளின் பயணப் பதிவுகள். படகு புறப்பட்ட கரைக்கே திரும்பினால்தான் பயணம் முடிந்ததாக அந்த வெப்சைட்டின் புரோகிராம் எடுத்துக்கொள்ளும். வாடையில் பாம்பன்காரர்கள் காற்றைப் பார்த்து, வடகடலில் இறக்கிய படகைப் பாலத்துக்கு அடியில் ஓட்டித் தென்கடல் கரையில் கட்டுவார்கள். சர்வருக்கு அது இன்னும் கடலில்தான். அதே படகு மறுபடி கிளம்பினால், அது அனுப்பும் ஒவ்வொரு இடமும் முடியாத பழைய பயணங்களிலும் போய்ச் சேரும். சர்வரை நிறுத்தி ஓடவிட்டாலும் அவற்றை டிஸ்கிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இப்படித் தங்கிப்போனவற்றை மூன்று நாளில் கழித்துவிடும் வரிகளும் புரோகிராமில் இருந்தன. யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். கடைக்காரரிடம் கேட்டேன்.

“நாந்தான் நிப்பாட்டுனேன். அண்ணன் போட்டு வரலல்ல. மூணாம் நாளு புள்ளி போயிருமே.”

அவருடைய அண்ணன் ஐப்பசியில் கொண்டுபோன படகு. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கடைசி சிக்னல் வந்த இடத்திலேயே நிற்கும் அந்தப் புள்ளியை அண்ணன் மனைவி தினமும் பார்ப்பது பாம்பனில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

“அந்த ஒரு போட்ட மட்டும் விட்டுட்டு மத்தத கழிக்கலாம்ணே,” என்றேன்.

“எங்க வீட்டுக்கு மட்டும் தனியாவா? நாளைக்கு இன்னொரு வீட்டுல வந்து கேட்டா?”

பின்பக்கம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணன் மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“எங்க போட்டாலதான் சாயங்காலம் நின்னு போகுதா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“அதால இல்ல மதினி. அதுக்காக நான் செஞ்சதால.”

அந்த அம்மா தன் போனை எடுத்துப் புள்ளியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “எடுத்துருங்க தம்பி. புள்ளி போயிட்டா நான் கரையில போய் நிக்கிறத நிப்பாட்டிருவேன்னு மட்டும் நெனைக்காதீக.”

கடைக்காரர் கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். எந்தக் கரையில் ஏறினாலும் பயணம் முடிந்தது என்று மாற்றினேன். அணைத்திருந்த வரிகளையும் ஓடவிட்டேன்; தேங்கிய பயணங்களோடு அந்தப் புள்ளியும் போனது.

மறுநாள் மாலை சர்வர் நிற்கவில்லை. புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை.

“ஒம்மேல கோவமில்லப்பா,” என்றார் கடைக்காரர். “ஒன்னையப் பாத்தா நேத்து நடந்ததுதான் ஞாவகம் வருது. சாப்புட்டுக் கெளம்பு.”

சாப்பிட்டுக் கிளம்பினேன்.

மண்டபத்தில் பஸ் ஏறி, உச்சிப்புளியில் இறங்கி, பூட்டிய கடை ஒன்றின் முன்னால் படுத்தேன். காலையில் தேங்காய் கமிஷன் மண்டியில் ஆள் தேடினார்கள். என்ன தெரியும் என்று கேட்டார் முதலாளி. கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்றேன்.

“அப்ப உள்ள வந்து பில்லு போடு. ஏன் வெயில்ல கெடந்து சாகணும்?”

“வேணாம்ணே. லோடு ஏத்துறேன்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு லாரியைக் காட்டினார். முதல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டேன்.