குளிர்பெட்டிக்கு ஒரு முழங்கால் இடி

பதினொரு ஆண்டுகளில் முப்பத்தெட்டு ஆய்வுக் கட்டுரைகள். எல்லாவற்றின் கடைசிப் பத்தியிலும் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒன்றின் முதல் பக்கத்தில்கூட அவர் பெயர் இல்லை.

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் ‘மெஷின் அக்கா’. மெஷின் என்பது மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஒரு புரதம் எவ்வளவு இறுக்கமாக மடிந்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். புரதத்தைக் கனநீரில் போட்டால் வெளியே தெரியும் பகுதிகள் கனமான ஹைட்ரஜனை வாங்கி எடை கூடும். உள்ளே மடிந்த பகுதிகள் லேசில் வாங்காது. பிறகு சட்டென்று குளிரவைத்து, மெஷினோடு இணைந்த குளிர்பெட்டி வழியாகப் பூஜ்ஜியம் டிகிரியிலேயே அனுப்ப வேண்டும். சற்றுச் சூடானாலும் ஏறிய எடை வழியிலேயே இறங்கிவிடும்.

‘ஸ்லைடு’ இங்கே சேர்ந்து பதினாலு மாதம். எதையும் படம் போட்டு விளக்கும், பிஎச்.டி. முடித்த இளம் டாக்டர். பெயர் வைத்ததே அக்காதான். சீக்கிரம் குலைந்துபோகும் ஒரு புரதத்தில் புது மருந்தொன்றைச் சேர்த்தான். எடை ஏறவே இல்லை.

“கல்லு மாதிரி நிக்குதுய்யா!” என்று பேராசிரியர் நடைக்கூடத்திலேயே அவன் தோளில் தட்டினார். அக்காவிடம் அவர் அந்த வாரம் பேசியது ஒன்றுதான்: “பிரிண்டர்ல இங்க் இல்லம்மா.”

வீட்டில் கணவர் தட்டைத் தள்ளிவைத்தார். “குழம்புல உப்பையே காணோம். அவனைத் திட்டுற அவசரத்துல மறந்துட்டியா?”

“நான் யாரையும் திட்டலை.”

“நாலு நாளா வேற பேச்சே இல்லையே!”

வியாழக்கிழமை இருநூறு பேர் முன்னால் ஸ்லைடு பேச வேண்டும். புதன் காலை அக்கா அவன் கோப்புகளைத் திறந்தார். தப்பு தேடித்தான். பதினொன்றரை மணிக்குக் கிடைத்தது. மருந்து சேர்த்த சாம்பிள்கள் எல்லாம் சனிக்கிழமைகளில், அக்காவின் விடுமுறை நாளில், அவன் தனியாக ஓட்டியவை. மூன்று சனிக்கிழமையும் குளிர்பெட்டி எட்டு டிகிரியில் இருந்திருக்கிறது. புரதம் கல்லாக நிற்கவில்லை. எடைதான் வழியில் கொட்டிப்போயிருக்கிறது.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஒரு நிமிடம்தான்.

பெட்டிக் கதவின் ரப்பர் தேய்ந்து இரண்டு வருடமாகிறது. மூடியபின் முழங்காலால் ஓர் இடி கொடுத்தால்தான் குளிர் நிற்கும். அது அக்காவுக்கு மட்டும் தெரியும். ஸ்லைடுக்கு மெஷினை நான்கு நாள் சொல்லிக்கொடுத்தவர் அதை மட்டும் சொல்லவில்லை. பெரிய டாக்டர்தானே, தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பேசாமல் இருந்தால் நாளை அவனுக்குக் கைதட்டல், என்றாவது ஒருநாள் அவமானம். சொன்னால் தன் குட்டும் உடையும். கேன்டீனில் வாங்கிய காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பேராசிரியர் அறைக்குப் போனார். ஸ்லைடும் அங்கேதான் இருந்தான்.

“சார், சனிக்கிழமை சாம்பிள் எல்லாம் சூடாயிருக்கு. எட்டு டிகிரி. அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது.”

“கதவை நல்லாத்தானே மூடினேன், அக்கா?” என்றான் ஸ்லைடு.

“மூடினே. ரப்பர் தேஞ்சு ரெண்டு வருஷமாச்சு, மூடினப்புறம் முழங்காலால ஒரு இடி இடிக்கணும். உனக்கு நான் சொல்லலை.”

“மறந்துட்டீங்களா?”

“இல்லப்பா.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “ரெண்டு வருஷமா நம்ம மெஷின் முழங்கால்லயா ஓடுது?”

“என்மேல அவ்வளவு கோபமா, அக்கா?”

“கோபமா இருந்தா அன்னிக்கே கத்தியிருப்பேன்.”

ஸ்லைடு பேராசிரியர் பக்கம் திரும்பினான். “என் தப்பும் இருக்கு சார். எடை முழுசா ஏத்தின சாம்பிள் ஒண்ணை அன்னிக்கே ஓட்டியிருந்தா, எவ்வளவு இறங்குதுன்னு தெரிஞ்சிருக்கும்.” பேராசிரியர் எழுந்து மறுபடியும் அவன் தோளில் தட்டினார். அக்கா அதையும் பார்த்தார்.

வியாழக்கிழமைப் பேச்சு ரத்தாகிவிட்டது. புது ரப்பர் வர மூன்று வாரம் ஆகும். திங்கள் காலை எட்டரைக்கு எல்லா சாம்பிள்களும் மறுபடி ஓடும். கதவை அக்கா மூடுவார்.