எரிபொருள் கொட்டகைக்குத் திரும்பியவர்

நாடகக் கம்பெனியில் இருபது வருடமாக உடை தைத்துவந்த தையல்காரம்மாவுக்கு ராஜாவும் ஒன்றுதான், திருடனும் ஒன்றுதான். ஆனால் முதல் ராக்கெட்டுகளை ஏவியவர்களைப் பற்றிய நாடகம் என்றதும் அவளுக்குக் கை ஓடவில்லை. அவள் கணவர் அந்த ஏவுதளத்தில் எரிபொருள் நிரப்பியவர். முப்பது வருடத்துக்கு முன் கொட்டகையில் குழாய் கசிந்தது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், இவர் மட்டும் வால்வை மூடத் திரும்பிப் போய்க் கருகினார் என்றது விசாரணை அறிக்கை.

அவளுக்கு வேறு பயம். அன்று காலை சண்டையில், "இனிமே வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று சொல்லியிருந்தாள். இதை யாரிடமும் அவள் மூச்சுவிட்டதில்லை.

நாடகத்தில் அவள் கணவராக நடிப்பவர் காக்கிச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். கை குட்டை. இடத்தோள் இறங்கியிருந்தது.

"என்னக்கா, அளவெடுத்தது எனக்கு. தச்சது யாருக்கு?"

அளவுச்சீட்டில் அவருடைய அளவுதான் இருந்தது. கத்திரியோ துணியை அவள் கணவரின் உடம்புக்கு வெட்டியிருந்தது. 

"பிரிச்சுத் தச்சுத் தரேன் தம்பி."

ஒத்திகையில், கொட்டகைக்குத் திரும்பி ஓடும் முன் அந்த நடிகர் 'நாட்டுக்காக' என்று நீட்டி முழக்கினார். தாங்காமல் படிக்கட்டுக்கு வந்தாள். விவரம் சொல்ல இயக்குநர் அழைத்திருந்த பழைய தொழிலாளி அங்கே உட்கார்ந்திருந்தார். கணவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். கன்னமெல்லாம் தீத்தழும்பு. இத்தனை வருடம் இவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனவர்.

"அண்ணி, அவன் வால்வை மூடப் போகல," என்றார். "நான் புகையில விழுந்து கிடந்தேன். என்னைத் தூக்கத்தான் வந்தான். வாசல்ல தள்ளிவிட்டான், அதுக்குள்ள வெடிச்சிருச்சு. அறிக்கையில எல்லாரும் வெளியேறிட்டதா எழுதியிருந்தாங்க. வேலை போயிடும்னு கையெழுத்துப் போட்டேன்."

அவள் கேட்டாள்: "ஏதாச்சும் சொன்னாரா?"

"எந்திரிடான்னான். அவ்வளவுதான்."

"இதைச் சொல்ல முப்பது வருஷத்துல ஒரு பகல் கிடைக்கலையா உங்களுக்கு?"



அன்றே இரண்டு பேரும் இயக்குநரிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். 'நாட்டுக்காக' என்ற நீள வசனம் போயிற்று. 'எந்திரிடா' என்ற ஒரு சொல் மட்டும் மேடையேறியது.

தன்னால்தான் போனாரோ என்ற பயம் அவளை விட்டது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. காட்சிதோறும் உடை அறைச் சுவரைத் தாண்டி "எந்திரிடா" வரும்போது அவள் கால் தையல் மிஷினின் மிதியில் நின்றுவிடும். வீட்டில் அவர் யாரையும் 'டா' போட்டதில்லை. ஆனாலும் சுவருக்கு அப்பாலிருந்து வருவது அவர் குரலாகத்தான் கேட்கிறது.