சூடாக இருந்த எஞ்சின்

தாராவியில் தையல் மெஷின் மோட்டார்களைப் பழுது பார்க்கும் சபுரா யாரையும் எளிதில் நம்பமாட்டாள். கடைக்கு வரும் ஒவ்வொரு மோட்டாரும் நேற்றுவரை நன்றாக ஓடியதாகச் சொல்லித்தான் கொண்டுவருவார்கள். இருபது வருடமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் கணவர் ஷாகுல் ஹமீது கர்ஜத் பக்கம் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டார். உழுவதற்குப் பழைய பவர் டில்லர் ஒன்று தேவைப்பட்டது. ஐரோலியில் நர்சரி நடத்தி மூடிவிட்ட இசக்கிராஜ், தன்னுடையதை எண்பதாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். சபுரா மூன்று இடங்களில் விசாரித்தாள். அதே வருடத்து வண்டி நல்ல நிலையில் இருந்தால் எழுபதாயிரம் போகும். அங்கே வந்து வாயைத் திறக்கக் கூடாது என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கூடவே போனாள்.

டில்லருக்குப் புது பெயின்ட் அடித்திருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. இசக்கிராஜ் ஸ்டார்ட் பண்ண ஹேண்டிலை எடுப்பதற்குள் எஞ்சின்மேல் கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. சூடான எஞ்சின், குறை இருந்தாலும் ஒரே சுற்றில் பிடித்துவிடும்.

"இப்பதான் ஓட்டினீகளா, அண்ணாச்சி?"

"சும்மாதாம்மா. ஆயில் ஓடட்டுமேன்னு."

"அப்ப ஆறட்டும். நாங்க டீ குடிச்சிட்டு வாரோம்."

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். இப்போது ஏழு தடவை சுற்றிய பிறகுதான் எஞ்சின் பிடித்தது. நீலப் புகை கக்கியது. இசக்கிராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சுபோச்சு. சொன்னா யாரும்மா வாங்குவா?"

சபுரா தனக்குத் தெரிந்த மெக்கானிக் தௌஃபீக்கிடம் போனில் கேட்டாள். ரிங், லைனர், கூலி எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் ஆகும் என்றான். எழுபதில் அதைக் கழித்து ஐம்பத்தாறு என்றாள். ஐம்பதுக்கே கேட்கலாமே என்று கணவர் அவள் காதில் சொன்னார்.

"ரிப்பேருக்குத்தான் கழிக்கேன். பொய்க்குக் கழிக்கல" என்றாள் சபுரா, இருவருக்கும் கேட்கும்படியாக.

ஐம்பத்தாறுக்கே முடிந்தது. ஆனாலும் டெம்போவில் ஏற்றும் முன், எஞ்சின் நம்பரையும் பில்லையும் இரண்டு முறை ஒத்துப் பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்து இசக்கிராஜ் போன் செய்தார். அந்த டில்லருக்கு வாங்கிய உதிரி பிளேடுகள் ஷெட்டில் கிடக்கின்றன, காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எதற்காக இந்தத் தாராளம் என்று சபுராவுக்குப் பிடிபடவில்லை. பிளேடுகளை வாங்கிவந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாமே புதியவை. வெகுநேரம் யோசித்த பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு இசக்கிராஜுக்கு நன்றி சொல்லப் போன் போட்டாள்.