கோபுரத்துக்கு வைத்த மூன்று பொட்டு

அக்கா மகள் பாரிஸிலிருந்து போட்டோ அனுப்பியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பழைய கோபுரம். "ஏஞ்சித்தி, பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல?" என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல? அதே கோபுரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் நான்.

சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலம். புக்கிங் பார்த்த சூசை சார் சேலத்துக்காரர். அவருடைய அப்பா ஒரு பிரெஞ்சுச் சாமியாருக்குச் சமைத்துப் போட்டவர். சாமியார் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதுதான், நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட, இந்தக் கோபுரத்தின் அச்சுப் படம். அப்பாவின் ஞாபகமாகச் சாரிடம் இருந்தது அது ஒன்றுதான். கண்ணாடி உடைந்துவிட்டது, மாற்றவேண்டும் என்று கொண்டுவந்து மேஜைமேல் சாய்த்து வைத்திருந்தார்.

அன்றைக்கு ஆயுத பூஜை. என் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தால் கேட்கவா வேண்டும்? டைப்ரைட்டர், டெலிபோன், ஜாக்கி, ஸ்பேனர் என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். சட்டம் போட்ட படம் என்றால் சாமி படம்தான் என்று கை தானாக முடிவு கட்டிவிட்டது. மூன்று பொட்டு. விரல் காகிதத்தில் பட்ட பிறகுதான் அது சாரின் படம் என்று உறைத்தது. பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். கோபுரம் முழுக்கச் சிவப்பு இறங்கிவிட்டது.

பூசணிக்காய் வாங்கப் போன சார் எந்த நிமிஷமும் வந்துவிடுவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் படத்தைத் திருப்பி வைத்தேன், மறுபடி நேராக வைத்தேன். வந்தார், பார்த்தார். "யாரும்மா வச்சது?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"பழனியண்ணனுங்க சார்."

வெளியே லாரிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த டிரைவர் பழனியண்ணன், அந்த நேரம் பார்த்தா உள்ளே வரவேண்டும்? குங்குமம் அப்பியிருந்த என் விரல்களைப் பார்த்தார். "ஆமாங்க சார், சாமி படம்னு நெனச்சுப்போட்டனுங்க" என்றார்.

சார் திட்டவில்லை. பழனியண்ணனோடு டீ குடிக்கப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். "உடு அம்மிணி" என்பார் பழனியண்ணன்.

ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது பாலத்தின் தூண் நிற்கிறது. பழனியண்ணன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். சூசை சார் இறந்தபோது துக்கத்துக்குப் போயிருந்தேன். "டிரைவர் ஒருத்தரு தெரியாமப் படத்துல பொட்டு வச்சுட்டாராம். அவருகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாமலே இருந்துட்டேனேன்னு இவரு கடைசி வரைக்கும் வருத்தப்பட்டாரு" என்றார் அவர் மனைவி. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்த அம்மாவும் இல்லை. இனி யாரிடம் போய்ச் சொல்ல?